ஒரு துளியும் வீணாகாத இடம்

ஆரியசாலையில் மொத்தப் பருப்புக் கடை வைத்திருக்கும் பகவதிப்பெருமாளுக்குத் தன் உடம்பில் ஏதோ பெரிதாகக் கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தது டாக்டர் சொல்லி அல்ல. பொன்னம்மை அவரைத் திட்டுவதை நிறுத்தியதால்.

கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷம். அதில் திட்டு விழாத நாள் என்று அவர் நினைவில் இருந்தவை இரண்டே. ஒன்று, அவளுக்குத் தொண்டை கட்டிய நாள். மற்றது, அவள் பிரசவ அறையில் இருந்த நாள். அன்றும் திட்டினாளா, கதவு சாத்தியிருந்ததால் கேட்கவில்லையா என்பதில் அவருக்குச் சந்தேகம் உண்டு. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் திட்டு. மோரை நின்றுகொண்டு குடித்தால் திட்டு. உட்கார்ந்து குடித்தால், நேற்று ஏன் நின்றுகொண்டு குடித்தீர்கள் என்று திட்டு. அப்படிப்பட்டவள், மணக்காட்டு டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, லிம்ஃபோசைட் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, எதற்கும் பார்த்துவிடலாம் என்று சொன்ன அன்று சாயங்காலம், கட்டிலில் கிடந்த ஈரத் துண்டைத் தானே எடுத்து உலர்த்திவிட்டு, "காப்பி போடட்டா?" என்று கேட்டாள்.

பகவதிப்பெருமாள் எழுந்துபோய்க் கடையின் பாக்கிக் கணக்கைத் தேடி எடுத்தார்.

பார்க்க வேண்டியது என்ன என்பதையும் டாக்டர் சொல்லியிருந்தார். கூடியிருக்கும் அணுக்கள் ஏதோ காய்ச்சலுக்காகத் திரண்ட பல வகைக் கூட்டமாக இருந்தால் பயமில்லை. ஒரே ஒரு அணு தன்னைத்தானே பிரதி எடுத்துப் பெருகிய கூட்டமாக இருந்தால், அது ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம். எது என்று சொல்லும் எந்திரம், கழக்கூட்டம் தாண்டி இருக்கும் தென்மண்டல இரத்தவியல் உன்னத மையத்தில் இருக்கிறது.

உன்னத மையம் முழுக்கக் கண்ணாடியால் கட்டப்பட்டது. உள்ளே நடப்பது எதுவும் மறைக்கப்படக் கூடாது என்பது கட்டியவர்களின் எண்ணம். பிற்பாடு வெயில் அடிக்கிறதென்று எல்லாக் கண்ணாடிக்கும் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள். வாசலில் பொன்னம்மையின் குடையைக் காவலாளி வாங்கிக்கொண்டு, தடிமனான ஒரு பதிவேட்டைத் திறந்தார். நோயாளியின் உடைமைகள் என்று அதன் அட்டையில் இருந்தது. நிறம்: கறுப்பு. கம்பிகள்: எட்டு. நிலை: மடக்கிய நிலை.

"அம்மா, பேடிக்கண்டா. இங்கே ரோகியோட சாதனம் ஒண்ணும் போகாது. திரிச்சுப் போகும்போ ஒரு ஒப்பு இட்டா மதி, கையிலே கிட்டும்" என்றார். பயப்பட வேண்டாம், திரும்பும்போது ஒரு ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டால் போதும் என்று அர்த்தம்.

வேறொரு நாளாக இருந்தால், கம்பியை எண்ணுகிற நேரத்தில் நாலு நோயாளியைப் பார்த்திருக்கலாமே என்று பொன்னம்மை கேட்டிருப்பாள். இன்று பேசாமல் உள்ளே நடந்தாள்.

உள்ளே சுவர் முழுக்க வாசகங்கள். 'தரமே எங்கள் மூச்சு.' 'தரமே எங்கள் பேச்சு.' லிஃப்டுக்கு மேலே பெரிய எழுத்தில், 'இங்கே ஒரு துளியும் வீணாகாது.' லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆனால் வேலை செய்யவில்லை என்ற அறிவிப்பில் மூன்று பேர் கையெழுத்திட்டுத் தேதி போட்டிருந்தார்கள்.

டோக்கன் இருநூற்றுப் பதினாலு. ஒரு மணி நேரத்தில் ஏழு பேர் நகர்ந்தார்கள். கடைசியில் ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் ரத்தம் எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பகவதிப்பெருமாள் போகவில்லை. சரக்கைக் கொடுத்துவிட்டு எடை போடுவதைப் பார்க்காமல் திரும்புவது ஆரியசாலையில் வழக்கமில்லை. குழாய் போன வழியே அவரும் போய், ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று எழுதிய அறையின் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

அந்த அறையில் டெக்னீஷியனாக இருந்தவள் பிஜி. பாறசாலைக்காரி, தமிழ் தெரிந்தவள். ஜன்னலில் மூக்கு நசுங்க நிற்கும் பெரியவரைப் பார்த்துப் பாவப்பட்டு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தாள். பி செல் என்று ஒரு வகை அணு உண்டு. ஒவ்வொன்றும் தன் மேல் ஒரு அடையாளப் பட்டையைக் குத்திக்கொண்டிருக்கும். கப்பா என்ற பட்டை அல்லது லாம்டா என்ற பட்டை, இரண்டில் ஒன்றுதான். நல்ல ரத்தத்தில் இரண்டும் கலந்து, ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு என்று இருக்கும். எல்லாமே ஒரே பட்டையாக இருந்தால் ஒரே அணுவின் வாரிசுகள் என்று அர்த்தம். பட்டைகளுக்குச் சாயம் ஏற்றி, அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் விட்டு, லேசர் வெளிச்சத்தில் எண்ணுவது எந்திரத்தின் வேலை. ஒரு நிமிஷத்தில் பத்தாயிரம்.

உன்னத மையத்தில் ஒழுங்காக நகர்கிற ஒரே வரிசை அதுதான் என்று பகவதிப்பெருமாளுக்குப் பட்டது. விஷயமும் சட்டென்று புரிந்தது. மூட்டையில் குத்தூசியைச் செருகி உள்ளங்கையில் நாலு மணி உளுந்தை எடுத்துப் பார்க்கிற வேலைதான். பல வயல் சரக்கு கலந்திருந்தால் சந்தைச் சரக்கு. எல்லா மணியும் ஒரே வார்ப்பாக இருந்தால் எவனோ ஒருத்தன் உள்ளே புகுந்து வேலை பண்ணியிருக்கிறான்.

நாலு நாள் கழித்து முடிவு வந்தது. கப்பா: காணப்படவில்லை. லாம்டா: காணப்படவில்லை.

பட்டையே குத்தாத அணுக்களோடு அறுபத்திரண்டு வயது வரை எப்படி வாழ்ந்தோம் என்று யோசித்துக்கொண்டே பகவதிப்பெருமாள் மறுபடி ஜன்னலுக்குப் போனார். பிஜி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அங்கிளே, அது அங்கிளோட குற்றம் இல்லா. ப்ளட்டைக் கழுவணும். கழுவாதே பண்ணினா இப்படித்தான் வரும்."

கப்பாவும் லாம்டாவும் அணுவின் மேல் மட்டும் இல்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் ஏராளமாக மிதந்துகொண்டிருக்கும். சாயத்தை ஊற்றினால் மிதப்பவை முந்திக்கொண்டு குடித்துவிடும். அதனால் முதலில் உப்புநீர் விட்டு, சுழற்றி, மேலே தெளிகிற தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மூன்று தடவை. உலகமெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். போன வருஷம் வரை பிஜியும் அப்படித்தான் செய்தாள்.

போன வருஷம் ஆய்வுக்கு வந்த ஒருவர், கழுவுதொட்டியில் கொஞ்சம் சிவந்த தண்ணீரைப் பார்த்து, "இது யாருடையது?" என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து மாதிரிப்பொருள் விரயத் தடுப்புக் குழு பிறந்தது. அதன்பின், நோயாளியின் மாதிரியில் எந்தப் பகுதியையும் குழுவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கொட்டக் கூடாது. ரத்தத்தைக் கழுவினால் தண்ணீரைக் கொட்ட வேண்டும். ஆகவே கழுவக் கூடாது.

"அப்ப அனுமதி கேளு மோளே" என்றார் பகவதிப்பெருமாள்.

பிஜி கேட்டாள். இரண்டாவது தடவை ரத்தம் எடுத்து, ஆறு பக்கப் படிவம் நிரப்பினாள். கொட்டப்படும் பொருளின் அளவு, அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த முயற்சி செய்யப்பட்டதா, செய்யப்பட்டிருந்தால் விளைவு, செய்யப்படவில்லை என்றால் அலட்சியத்துக்கு யார் பொறுப்பு. குழு மாதத்தில் இரண்டாவது வியாழக்கிழமை கூடும். ஏழு பேர் வந்தால்தான் கூட்டம். ஆறு பேர் வந்தால் தேநீர் மட்டும். இருபத்திமூன்றாவது நாள் அனுமதி வந்தது, முத்திரையோடு. வந்தபோது குழாயில் இருந்த அணுக்கள் பரலோகம் போய் இருபத்தோரு நாளாகியிருந்தது. ரத்தம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும்.

இனி எடுக்கப்போகிற ரத்தத்துக்கு இப்போதே அனுமதி கொடுத்துவைக்கக் கூடாதா என்று கேட்க, பகவதிப்பெருமாளும் பொன்னம்மையும் தர உறுதித் துறையின் தலைவர் டாக்டர் வேலப்பனைப் பார்க்கப் போனார்கள். டாக்டர் வேலப்பன் கடைசியாக ஒரு ரத்தக் குழாயைக் கையில் எடுத்தது எப்போது என்பது அவருக்கே நினைவில்லை. அவர் மேசைமேல் பத்தொன்பது கோப்புகளும் ஒரு கேடயமும் இருந்தன.

முன்கூட்டி அனுமதி கொடுக்க மாதிரியின் எண் வேண்டும் என்றார் அவர். எண் வேண்டுமென்றால் ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்தால் அது முன்கூட்டி ஆகாது.

"அப்படின்னா எங்க டாக்டர் குடுத்துவிட்ட கடிதாசியைத் திருப்பித் தாங்க, வேற ஏதாவது இடத்துல பாத்துக்கிடுகோம்" என்றார் பகவதிப்பெருமாள்.

முடிவாகாத கேஸை வெளியே விடுவது தரக்குறைவு என்று டாக்டர் வேலப்பன் விளக்கினார். பிறகு மிகவும் அன்பாக, முன்னால் சாய்ந்து சொன்னார்: "பெரியவரே, நீங்க கேக்கிறது ரிசல்ட். நாங்க குடுக்கிறது தரம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

பொன்னம்மையின் உதடு அசைந்தது. பகவதிப்பெருமாள் ஆசையோடு பார்த்தார். ஒன்றும் வரவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்று வீட்டில் அவர் வேண்டுமென்றே இரண்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். நின்றபடியே ஒரு செம்பு மோரைக் குடித்து, மேலெல்லாம் சிந்தினார். பொன்னம்மை ஒரு துணியைக் கொண்டுவந்து தரையைத் துடைத்துவிட்டுப் போனாள். மரணம் இவ்வளவு மரியாதையாக வருமென்று அவர் நினைத்ததில்லை.

மூன்றாவது தடவை எடுத்த ரத்தத்துக்கு, கழுவ முடியாத ஆத்திரத்தில் பிஜி சாயத்தை இரண்டு பங்கு விட்டாள். முடிவு வந்தது. ஒவ்வொரு அணுவிலும் கப்பாவும் இருந்தது, லாம்டாவும் இருந்தது. இது தவறு, எல்லாம் ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று பிஜி அடியில் எழுதியிருந்தாள். மேலே போகிற தாளில் அடிக்குறிப்பு இருக்கக் கூடாதென்று விதி இருந்ததால், அதை வெட்டிவிட்டு டாக்டர் வேலப்பனுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் உன்னத மையத்திலிருந்து தங்க எழுத்தில் அழைப்பிதழ் வந்தது. தர வாரத் தொடக்க விழா. சிறப்பு நோயாளி: திரு. பகவதிப்பெருமாள், ஆரியசாலை.

மேடையில் அவருக்கு நடு நாற்காலி. பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய அணுக்களின் படம் பின்னால் திரையில் பெரிதாகத் தெரிந்தது. திருஷ்டி கழிக்காத குறைதான். பொன்னம்மை மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடை வழக்கம்போல வாசலில் பதிவாகியிருந்தது. டாக்டர் வேலப்பன் மலையாளமும் இங்கிலீஷும் கலந்து பேசியதன் சாரம் இது:

"நண்பர்களே, ஒரு அணுவுக்கு ஒரு பட்டை என்பது பாடப்புத்தகம். இந்தப் பெரியவரின் அணுக்கள் பாடப்புத்தகம் படிக்கவில்லை. அத்தனையிலும் இரண்டு பட்டை. உலகத்தில் ஆயிரக்கணக்கான ஆய்வகங்கள் இருக்கின்றன. ஒன்றுக்காவது இப்படி ஒரு நோயாளி கிடைத்தாரா? ஏன் கிடைக்கவில்லை? அவர்கள் ரத்தத்தைக் கழுவுகிறார்கள். கழுவிக் கழுவிக் கொட்டிவிடுகிறார்கள். நாம் பதினொரு மாதமாக ஒரு துளியும் கொட்டவில்லை. அதற்கு முன்னால் இங்கே ஒரு மாதத்தில் நாற்பது பேருக்கு நோய் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். இந்தப் பதினொரு மாதத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. ஒருவருக்குக்கூட! தரம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு சிறப்பு நோயாளியை ஏற்புரைக்கு அழைத்தார்கள்.

பகவதிப்பெருமாள் மைக்கைப் பிடித்தார். வாழ்க்கையில் அவர் பேசிய பெரிய கூட்டம், பருப்பு வியாபாரிகள் சங்கத்தில் மின்விசிறி மாற்றுவது பற்றி.

"எனக்கு ரத்தம் தெரியாது, பருப்புதான் தெரியும்" என்று ஆரம்பித்தார். "குத்தூசி போட்டு எடுத்தா முதல்ல உள்ளங்கையில வச்சு ஒரு ஊது ஊதுவோம். தூசி போனாத்தான் மணி தெரியும். ஊதாம பாத்தா எல்லாச் சரக்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். என் ரத்தத்தை இதுவரைக்கும் ஆரும் ஊதல்லே. எனக்கு இந்தப் பொன்னாடை வேண்டாம் சாரே. நான் இருப்பேனா போவேனான்னு என் பெஞ்சாதிக்குத் தெரியணும். அவ பேச்சு நின்னுபோச்சு."

சபை மறுபடி கைதட்டியது. தத்துவம் என்று நினைத்துக்கொண்டார்கள். டாக்டர் வேலப்பன் நெகிழ்ந்துபோய் மைக்கை வாங்கினார். தனக்கும் ஊதத்தான் ஆசை என்றார். ஆனால் ஊதியது எங்கே போயிற்று என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், அதற்குப் பதில் எழுத ஒரு கட்டம் படிவத்தில் இல்லையே என்றார்.

அப்போது மூன்றாவது வரிசையில் பொன்னம்மை எழுந்தாள்.

"ஓய், டாக்டரே."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. மேடையில் பகவதிப்பெருமாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஐம்பத்தாறு நாளாகக் கேட்காத குரல்.

"வாசல்ல என் குடையை வாங்கி, கம்பியை எண்ணி எழுதி, போகும்போ ஒரு கையெழுத்து வாங்கிட்டுத் திருப்பித் தாரியள்லா? அதே மாதிரி இவுக ரத்தத்துல இருந்து எடுக்குற தண்ணியையும் எழுதி, கையெழுத்து வாங்கிட்டு, இவுக கையில குடுங்க. உங்க பக்கம் ஒரு துளி வீணாகாது. பொறவு அதை இவுக கொட்டுவாகளோ, சாம்பார்ல ஊத்துவாகளோ, அது எங்க வீட்டுக் காரியம்."

மேடையில் குசுகுசுவென்று ஆலோசனை நடந்தது. விதிப்புத்தகம் வந்தது. நோயாளியின் உடைமை நோயாளியிடமே திரும்பும்போது அது விரயம் ஆகாது. ரத்தத்தைவிட சொந்தமான உடைமை எது? டாக்டர் வேலப்பனின் முகம் மெல்ல மலர்ந்தது. இதற்குப் பதிவேடு இருக்கிறது. இருக்கிற பதிவேட்டில் எழுதலாம்.

அன்றே நாலாவது தடவையாக ரத்தம் எடுத்தார்கள். வாசல் காவலாளி தடிமனான பதிவேட்டைத் தலைமேல் சுமந்துகொண்டு படியேறி, ஃப்ளோ சைட்டோமெட்ரி அறைக்கு வந்தார். பிஜி பதினொரு மாதம் கழித்து உப்புநீர்ப் புட்டியைத் திறந்தாள். ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிந்ததை ஒரு குழாயில் எடுத்தாள். காவலாளி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுதினார். நிறம்: வைக்கோல் நிறம். கம்பிகள்: இல்லை. நிலை: மடக்க இயலாது.

கையுறை போட்ட கையில் பகவதிப்பெருமாள் தன் உடைமையைப் பெற்றுக்கொண்டார். கையெழுத்திட்டார். இரண்டு அடி நடந்து, ஆஸ்பத்திரிக் கழிவுத் தொட்டியில் தன் சொந்த விருப்பத்தின் பேரில் கொட்டினார். டாக்டர் வேலப்பன் சாட்சி. மூன்று தடவை. மூன்றாவது தடவை கொட்டும்போது, இத்தனை வருஷம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது என்ற நினைப்பில், "சரி, போயிட்டு வா" என்று மெதுவாகச் சொன்னார்.

பிறகு சாயம். பிறகு எந்திரம். திரையில் புள்ளிகள் மழை மாதிரி விழ ஆரம்பித்தன. பொன்னம்மை ஜன்னலில் மூக்கு நசுங்க நின்றாள். புள்ளிகள் முதலில் ஒரு பக்கமாகக் குவிந்தன. குவிந்துகொண்டே இருந்தன. பகவதிப்பெருமாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், கல்யாணத்தன்று பிடித்தது, அதன்பின் இப்போதுதான். அப்புறம் மறுபக்கமும் ஒரு குவியல், நிதானமாக, விருந்துக்குத் தாமதமாக வந்த சம்பந்திகள் மாதிரி வந்து உட்கார ஆரம்பித்தது.

பிஜி எண்ணைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"மூணுக்கு ரெண்டு" என்றாள். "அங்கிளே, கலந்ததுதான். ரெண்டு பார்ட்டியும் உண்டு. ரிப்போர்ட்டில டாக்டர் ஒப்பு நாளைக்குத்தான். நான் சொன்னதா ஆரிட்டயும் சொல்லண்டா." சொல்லிவிட்டு அவளே மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் கையெழுத்தான தாளைப் பார்த்து மணக்காட்டு டாக்டரும் அதையே சொன்னார். ஏதோ காய்ச்சலுக்குத் திரண்ட கூட்டம், கலைந்துபோகும், மூன்று மாதம் கழித்து ஒரு தடவை எண்ணிப் பார்த்தால் போதும்.

உன்னத மையத்தில் இப்போது அந்த அறைக்கு வெளியே நாற்பது நாற்காலி போட்டிருக்கிறார்கள். நோயாளிப் பங்கேற்புக் கழுவல் என்று அதற்குப் பெயர். ஒவ்வொருவரும் வந்து தங்கள் தண்ணீரைத் தாங்களே கையெழுத்திட்டு வாங்கி, தாங்களே கொட்டிவிட்டுப் போக வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வாரிசுச் சான்றிதழோடு ஆள் அனுப்பலாம். டாக்டர் வேலப்பனுக்கு இரண்டாவது கேடயம் கிடைத்தது. பிஜிக்கு வேலை மூன்று மடங்காயிற்று, ஆனால் ரிசல்ட் சரியாக வருகிறது.

இது பின்னால் நடந்தது. எந்திரம் மூன்றுக்கு இரண்டு என்று சொன்ன அன்று, இருவரும் கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது பொன்னம்மை ஒன்றும் பேசவில்லை. ஸ்ரீகாரியம் தாண்டியது. பேசவில்லை. உள்ளூர் ஜங்ஷன் தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது. பொன்னம்மை பக்கத்தில் தடவினாள். காலடியில் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"குடை எங்க?"

பகவதிப்பெருமாள் யோசித்தார். மூன்று தடவை கையெழுத்துப் போட்டு மூன்று குழாய் தண்ணீரைத் திருப்பி வாங்கியது நன்றாக நினைவிருந்தது. நாலாவது கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை. பதிவேடு மாடியில் இருந்தது. குடை வாசலில் இருந்தது.

"விட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

"விட்டுட்டு வந்துட்டேளா." அவள் குரலில் முப்பத்திநாலு வருஷமும் சேர்ந்து திரண்டு வந்தது. "ஒண்ணுக்கும் உதவாத கழுவுன தண்ணியை மூணு வாட்டி ஒப்புப் போட்டு வாங்கத் தெரியுது, எட்டுக் கம்பிக் குடையை ஒரு வாட்டி வாங்கத் தெரியல்லே. உங்களைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு போராதுன்னு, ரெண்டு மாசமா மனுசிய உசிரோட வறுத்து எடுத்திருக்கேள். மூணுக்கு ரெண்டாம், மூணுக்கு ரெண்டு. அதை முதல் நாளே சொல்லப்படாதா உங்க ரத்தத்துக்கு? அதுக்கும் உங்களைப் போலவே வாயில கொழுக்கட்டை. அந்த ரெண்டு ஈரத் துண்டை ஆரு கட்டில்ல போட்டது? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சேளா? மெத்தை இன்னும் காயல்லே..."

முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார். பகவதிப்பெருமாள் கண்ணை மூடி, சாய்ந்து உட்கார்ந்து, தொடையில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கிழக்கேகோட்டை வந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. பொன்னம்மை சேலைத் தலைப்பை இழுத்து, முதலில் அவர் தலையில் போட்டு, மிச்சத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள், வாய் ஓயவில்லை. ஆரியசாலை வரை நடந்தே போகலாம் என்றார் பகவதிப்பெருமாள்.

"ஆட்டோ பிடிக்கத் துப்பில்லே" என்று அவள் அதற்கும் திட்டினாள்.

அவர் அவளைச் சுற்றுவழியாக, பழவங்காடி பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.